தலையை உள்ளே எடுங்க நானா

போன வெள்ளி, ஜும்ஆ முடிந்து சோற்றுக்கு உட்கார்ந்த நேரம் – வாசலில் ஓட்டோ வந்து நின்றது. இறங்கியது சாய்ந்தமருதுப் பக்கத்து டீச்சர் ஒருவர். கூடவே அவருடைய உம்மா. "நான் ஹனீபா டிரைவர்ட மகள்" என்றதும் பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டேன்.

ஹனீபா நானாவை உங்களுக்குத் தெரியாது. என் பைத்தியத்தைத் தெரியும். கல்முனையில் தண்டவாளமே கிடையாது, மட்டக்களப்போடு சரி. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்கு எஞ்சின் பைத்தியம்! அதிலும் ஆள் ஏற்றும் கோச்சி பிடிக்காது. எண்ணெய்த் தாங்கிகளை வரிசையாக இழுத்துக்கொண்டு நிலம் அதிர வருமே, அந்தக் கனத்த டீசல் எஞ்சின்தான் வேண்டும். அதற்காக விடிய வெள்ளன மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புணானைக் காட்டு வளைவுக்குப் போய், யானைக்கும் பயந்துகொண்டு, கமராவோடு நிற்பேன். இதற்கு எங்கள் வீட்டுக்காரி வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

அந்த எண்ணெய் வண்டியைப் பல வருடம் ஓட்டியவர் ஹனீபா நானா. வளைவில் என்னைக் கண்டால் ஹோர்ன் அடிப்பார். ஜன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டு, பல் தெரியச் சிரித்துக் கை காட்டுவார்.

நான் என்ன செய்வேன்? தலையை உள்ளே எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டுவேன்.

எஞ்சின் படத்தில் எஞ்சின் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். பக்கத்தில் ஒரு தலை நீட்டிக்கொண்டு நின்றால் அழகு கெட்டுப்போகுமாம். எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். நானாவும் உள்ளே போய்விடுவார்.

ஒருமுறை மட்டக்களப்பு ஸ்டேஷன் பக்கம் தேத்தண்ணிக் கடையில் ஆளைச் சந்தித்தேன். "எங்களயும் ஒரு படம் எடுக்க மாட்டீங்களா சேர்?" என்று பகிடியாகக் கேட்டார். நானும் பகிடியாகச் சொன்னேன்: "உங்கள எப்பயும் எடுக்கலாம் நானா. இந்த எஞ்சின் இன்னும் எத்தின நாளைக்கு?"

பழைய கனடா எஞ்சின். எப்போது இரும்புக்குப் போகுமோ என்ற கவலை எனக்கு. நானா சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

எஞ்சின் இன்னும் ஓடுகிறது. நானா மௌத்தாகி, அடக்கி நாலு மாதம்.

மகள் கேட்டு வந்தது ஒரே ஒரு படம். வீட்டில் படம் மாட்டுவது நானாவுக்குப் பிடிக்காது. மிஞ்சியிருப்பது அடையாள அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் முகம்தான். அதோடு இன்னொன்று – எங்கள் பக்கம்தான் ரயிலே இல்லையே! மனிதர் பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வேலைக்குப் போவார், பஸ்ஸிலேயே திரும்பி வருவார்.

"வாப்பா எஞ்சின் ஓட்டினத்த நாங்க ஒராளும் காணல்ல சேர்" என்றார் மகள். "உம்மாவும் காணல்ல."

நான் பெருமையோடு லெப்டொப்பைத் திறந்தேன். மழையில் எஞ்சின். வெயிலில் எஞ்சின். புகை கக்கும் எஞ்சின். நூற்றுக்கணக்கில் இருந்தது. எல்லாவற்றிலும் டிரைவர் ஜன்னல் மட்டும் கறுப்பாக, வெறுமையாக... உம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவர் எங்கே என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

உள்ளேதான் இருக்கிறார் என்றேன். வெளிச்சம் சரியில்லை, நிழல் விழுந்துவிட்டது என்று என்னென்னவோ அளந்தேன். இந்த வயதில், அதுவும் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, ஒரு மௌத்து வீட்டுக்காரரிடம் பொய்!

மகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"தெரியும் சேர். வளைவில ஒரு சேர் நிப்பார், தலைய உள்ளுக்கு எடுக்கணும், இல்லாட்டி அவர்ட படம் பழுதாப் போயிரும் எண்டு வாப்பா சொல்றவர். ஒரு நாளைக்காவது வாப்பா மறந்திரிப்பாரோ எண்டுதான் வந்தம்."

மறக்கவில்லை. ஒரு நாள்கூட மறக்கவில்லை அந்த மனிதர்.

வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் வேண்டாம் சேர் என்றுவிட்டு ஒரு படத்தை மட்டும் பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னார்கள். உம்மா அந்தக் கறுப்பு ஜன்னலில் விரலை வைத்து, "இதுக்குள்ளயா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

ஞாயிறு காலை மனம் கேட்காமல் அதே வளைவுக்குப் போனேன். அதே எஞ்சின் வந்தது. எனக்குப் பழக்கமில்லாத ஒரு டிரைவர், தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் வந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். வேறு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? நானாதான்.

வெளியே வாருங்கள், வெளியே வாருங்கள் என்று இரண்டு கையாலும் காட்டினேன்.

உள்ளே போனது போதாது என்று நினைத்தார் போல... ஜன்னலையும் மூடிவிட்டார்.