அப்பா என்கூட உட்கார்ந்த ஆட்டம்

என் கணவர் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பினால் எங்கள் மகள் கைதட்டிக் குதிக்கிறாள். எனக்கோ ஏன் சீக்கிரம் என்று கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் பயம்.

ஏற்காட்டில் என் அப்பாவும் ஒருமுறை அப்படித்தான் சீக்கிரம் வந்தார், பந்தாட்டத்தின் பாதியிலேயே.

எங்கள் எஸ்டேட்டில் அவர் பேருக்குத்தான் வாட்ச்மேன். சம்பளம் கால்பந்து ஆடுவதற்கு. அணிக்குக் கோச்சும் அவரே. யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்று அவர்தான் சொல்வார். அவர் ஆடும்வரைதான் எங்களுக்கு எஸ்டேட் கொடுத்த லைன் வீடு.

அந்த வருடம் அவருடைய வலது முட்டியில் வீக்கம் வற்றவே இல்லை. அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள்.

"ஏனுங்க, இன்னைக்கு ஒரு ஆட்டம் வெளிய உட்காந்துக்கக் கூடாதுங்களா?"

"உட்காந்தா ஊடு போயிரும் புள்ள."

வீடு எப்படிப் போகும், அதற்கென்ன கால் இருக்கிறதா என்று நான் சிரித்தேன்.

அன்று கிளியூர் அணியோடு ஆட்டம். பந்து இரண்டு முறை அப்பாவைத் தாண்டிப் போயிற்று. அவரால் திரும்பக்கூட முடியவில்லை.

"ஏனுங்க கோச்சு, பந்து போயிருச்சுங்க! பஸ்ஸப் புடிச்சாச்சும் வாங்க!" என்று யாரோ கத்த, எங்கள் எஸ்டேட் ஆட்களே சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

அப்பா கையைத் தூக்கினார். வெள்ளக்கடை ஊரிலிருந்து அணிக்குப் புதிதாக வந்திருந்த இளைஞனை உள்ளே அனுப்பிவிட்டுத் தான் வெளியே வந்தார். கோச் அவர்தானே, தன்னை வெளியேற்றும் உரிமையும் அவருக்குத்தான் இருந்தது.

நேராக வந்து புல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாம் அவர்களோடு உட்கார்ந்துதான் ஆட்டம் பார்ப்பார்கள். எனக்குத்தான் அது வாய்த்ததே இல்லை. கடலைப் பொட்டலம் வாங்கித் தந்தார். அவர் ஒன்றுகூடத் தின்னவில்லை.

"அடுத்த ஆட்டத்துக்கும் இங்கயே உட்காருவீங்களாப்பா?"

"இனி எப்பவும் உங்கூடத்தான், சாமி."

எங்கள் அணி ஜெயித்தது. அந்த இளைஞனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். காலை இழுத்து இழுத்து வந்த அப்பாவுக்கு முன்னால் நான் வீட்டுக்கு ஓடினேன். அடுப்பில் உப்பு படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது.

"அம்மா! அப்பா பாதியிலயே வந்து எங்கூட உட்காந்துக்கிட்டாங்க! இனிமே எப்பவும் அப்படித்தானாம்!"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். அப்பாவின் முட்டி சரியாகிவிட்டது, இனி உப்பு வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.