முத்தையா முன்பே வாங்கிய நகல்

வாடிப்பட்டியில் என் சித்தப்பா மகன் முத்தையாவின் கிணறு சித்திரையிலும் வற்றாது. வரப்புக்கு இந்தப் பக்கம் என் நெல் கருகும். அவன் மாடு கட்டிக் கமலை இறைக்கும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

எங்கள் அப்பாமார் பாகம் பிரித்தது மதுரைக் கோர்ட்டில். கிணற்றில் எங்களுக்கும் பங்கு இருந்திருக்கும், சித்தப்பா அமுக்கிவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போய், அந்தத் தீர்ப்பின் நகல் கேட்டு மனுப் போட்டேன். பத்து நாள் கழித்துப் போனபோது, நகல் தயாரானவர்களின் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. நகல் கொடுத்த குமாஸ்தாவையே படித்துச் சொல்லச் சொன்னேன்.

“கிணறு முழுசும் உங்க சித்தப்பாவுக்குத்தான். நீங்க குடியிருக்கிற வீட்டுலயும் அவுகளுக்குப் பாதி உண்டு” என்றார். பிறகு பதிவேட்டைப் புரட்டி, “இதே தீர்ப்புக்கு முத்தையான்னு ஒருத்தர் மூணு வருசத்துக்கு முந்தியே நகல் வாங்கியிருக்காரே, உங்களுக்கு உறவா?” என்று கேட்டார்.

“பங்காளி” என்றேன்.

ஊர் திரும்பியபோது முத்தையா கிணற்றடியில் நின்றான். நகலை மடியில் செருகி மறைத்தேன்.

“என்னண்ணே, இம்புட்டு வெயில்ல எங்க போயிட்டு வாரீக? தண்ணி குடிங்க” என்று வாளியை நீட்டினான்.

குடித்தேன். மதுரைக்குப் போனதைச் சொல்லவில்லை. பாதி வீட்டைத் தருகிறேன் என்றும் சொல்லவில்லை.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக இருந்திருந்தால், மறுநாளே கோர்ட்டு அமீனாவோடு அவன் வாசலில் நின்றிருப்பேன். கிணற்றின் மேலிருந்த பொறாமை அன்றோடு போயிற்று. மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்தானே, அந்த மனசை நினைத்துத்தான் இப்போது வயிறு எரிகிறது.