நான் நன்றி சொல்லப் போகவில்லை

கிராம சபையில் பேச எழுந்தபோது என் நெஞ்சு தறி ஓடுவது போலத் தடதடத்தது. சூலூர்ப் பக்கம் எங்கள் ஊர். காலையில் ஊருக்குள் வந்துபோன டவுன் பஸ் இரண்டு மாதமாக வரவில்லை. கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போகும் என் மகள் மெயின் ரோடு வரை நடந்து, தினமும் முதல் வகுப்பைத் தவறவிட்டாள். வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அந்த பஸ்ஸைக் கேட்கத்தான் போனேன்.

ஆனால் எங்கள் பக்கத்துப் பழக்கம் இருக்கிறதே! பெண் கேட்டுப் போனால்கூட மழை, தென்னை, மாடு என்று பேசிவிட்டு, எழுந்து கிளம்பும்போதுதான் வந்த காரியத்தைத் தொடுவோம். எடுத்த எடுப்பில் கேட்டால் மரியாதைக் குறைவு. நானும் தலைவரை வணங்கி, வந்திருந்த போக்குவரத்து அதிகாரியை வணங்கி, பஸ்ஸின் பெருமையை ஆரம்பித்தேன். டிரைவர் எங்களுக்காக ஹாரன் அடித்துக் காத்திருந்தது, கண்டக்டர் தேங்காய் மூட்டைக்கு இடம் பிடித்துக் கொடுத்தது, என் கோழி கூடையிலிருந்து தப்பி அவர் தோளில் போய் உட்கார்ந்தது எல்லாம் சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடேங்கப்பா, இத்தனை நாள் இந்தத் திறமையை எங்கே வைத்திருந்தேன்! தலைகால் புரியாமல் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் அடங்கவே நேரமானது.

அதிகாரி எழுந்தார். தங்கள் சேவையை இவ்வளவு அழகாகப் பாராட்டியதற்கு நன்றி என்றார். தலைவர் குடிநீர்த் தொட்டி விஷயத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பக்கத்திலிருந்த மகளைப் பார்த்தேன். கல்லூரியில் அவளுக்குப் பேச்சுப் பயிற்சி உண்டு. ஒரு பேச்சு விஷயம் சொல்ல வந்ததா, சிரிக்கவைக்க வந்ததா, ஒரு காரியத்தைச் செய்யவைக்க வந்ததா என்று முதலில் கண்டுபிடிக்கச் சொல்வார்களாம். காலையில் என்னிடமும் அதையே கேட்டாள். எனக்குத் தெரியாதா, போ என்று விரட்டியிருந்தேன்.

"நல்லாத்தாம்மா இருந்துச்சு. ஆனா நீ பஸ்ஸே கேக்கலையே."

சுருக்கென்றது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவள்மேல் அல்ல, என் வாய்மேல். தொட்டிப் பேச்சுக்கு நடுவிலேயே எழுந்துவிட்டேன். இந்தத் தடவை வணக்கமெல்லாம் சொல்லவில்லை.

"ஏனுங்க, நான் நன்றி சொல்ல வரலீங்க. அந்த பஸ்ஸு ரெண்டு மாசமா வரதில்லீங்க. புள்ளைங்க நடந்து போகுதுங்க. எங்களுக்கு பஸ் வேணுமுங்க, தீர்மானம் போடுங்க."

பின்னாலிருந்து ஒருவர் ஆமாங்க என்றார். ஒரு கை, நாலு கை, அப்புறம் எண்ண முடியவில்லை. சற்றுமுன் சிரித்த அத்தனை பேரும் கையைத் தூக்கியிருந்தார்கள். தலைவர் உடனே தீர்மானத்தை எழுதச் சொன்னார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, காலையில் ஒரு நடை விட்டால் போதுமா அம்மா என்றார்.

"பத்தாதுங்க. போன புள்ளைங்க சாயங்காலம் ஊட்டுக்கு வரோணுமுங்களே."

இரண்டு நடை என்று எழுதினார்கள். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை பஸ் வந்தது. டிரைவர் புதியவர். மகள் ஏறியதும் நான் ஜன்னலருகே ஓடி, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் சொன்னேன்:

"இந்த பஸ்ஸ நாந்தானுங்க கேட்டேன்."