அளவான காற்சட்டை

என்னை அந்த இறக்கத்தில் விழுத்தியது நீங்கள்தான். மலையுமில்லை, சைக்கிளுமில்லை.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜெர்மனியில் நடந்த கோடை அது. பீலெஃபெல்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நீங்கள் விளையாட்டுப் பொறுப்பாளர். மலைச் சைக்கிள் ஓட ஓர் அணி தொடங்கினீர்கள், பெண்களும் வரலாம் என்றீர்கள். நானும் என்னோடு வேலை செய்த அக்காவும் பெயர் கொடுத்தோம். உடனே எங்களைத் தனியாகக் கூப்பிட்டீர்கள்.

"தங்கச்சி, வாறது சந்தோசம். ஆனா களிசானை லூசாப் போடுங்கோ. சனம் கதைக்கும்."

எங்கள் ஆட்களுக்கு உடுப்பென்றால் ஓர் அளவு பெரிதாகத்தான் வேண்டும். பிள்ளைக்கு வளருமென்று, பெண்ணுக்கு மறைக்குமென்று. நானும் உங்கள் சொல்லைக் கேட்டு, கடையின் ஆண்கள் பகுதியில் முழங்காலுக்குக் கீழே தொங்கும் களிசான் ஒன்றை, பெரிய காற்சட்டையை, எடுத்து, இடுப்பில் நாடாவை இறுக்கிக் கட்டினேன்.

முதல் ஓட்டத்திலேயே காட்டுக்குள் செங்குத்தான இறக்கம். பெடலில் எழும்பி நின்று உடம்பைப் பின்னால் தள்ளினேன். திரும்ப முன்னே வரும்போது, கால்களுக்கிடையில் தொங்கிய துணி சைக்கிள் சீற்றின் முன்மூக்கில் கொளுவிச் சிக்கியது. நானும் சைக்கிளும் ஒன்றாகச் சேற்றில் கிடந்தோம். முழங்கை கிழிந்தது.

அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்தீர்கள். "இது பொம்பிளையளுக்கு ஏலாத விளையாட்டு. இனி ஆம்பிளையள் மட்டும்." கை தட்டினார்கள். முழங்கையைவிட அதுதான் எரிந்தது.

அக்காவை இழுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். விற்பனைப் பெண் என் பழைய காற்சட்டையை விரித்துப் பார்த்து, "இதற்குள் இரண்டு பேர் போகலாமே" என்று சிரித்தாள். பெண்களுக்கென்று தைத்தவற்றைத் தந்தாள். கண்ணாடி பார்க்க விடவில்லை. கடைச் சைக்கிளில் ஏற்றி, எழும்பு, இரு, குனி என்றாள். ஒன்று தொடையை நெரித்தது. இன்னொன்றில் குனிந்தால் முதுகு வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு வந்தது என்னுடையது. பின்னால் இடுப்பு உயர்ந்திருந்தது, வயிற்றை வெட்டவில்லை, முழங்காலை மடித்தால் துணியும் கூடவே மடிந்தது. உள்ளே தனியாக, மெத்தை வைத்த இறுக்கமான உள்காற்சட்டை. சீற்றில் எலும்பு படும் இடத்தில் சரியாக மெத்தை இருந்தது. அதற்குள் ஜட்டி போட்டால் உரசிப் புண்ணாகும், போடாதே என்றாள்.

உங்களை நினைத்து அக்கா வாயைப் பொத்தினாள். "ஐயோ, அண்ணை கேட்டா மயங்கி விழுந்திடுவார்!"

"விழட்டும்."

"லூசாப் போடச் சொன்னவர்தானடி லூசு!"

அடுத்த ஞாயிறு அணியின் ஓட்டத்துக்கு நீங்கள் கூப்பிடாமலே வந்தோம். அதே இறக்கம். நீங்கள் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தீர்கள்.

"அண்ணை, வழி விடுங்கோ!"

எழும்பி நின்றேன், பின்னால் போனேன், முன்னால் வந்தேன். எதுவும் கொளுவவில்லை. கீழே போய்த்தான் பிரேக்கைப் பிடித்தேன். பின்னாலேயே அக்காவும் கத்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு அந்த நாட்டில் அதற்கு முன் வந்ததில்லை. நீங்கள் ஆறுதலாக, மெல்ல மெல்ல நடந்து வந்து என்ன சொன்னீர்கள்?

"இண்டைக்குத் தரை காய்ஞ்சு கிடந்தது, அதுதான்."

அணியில் எங்களைச் சேர்த்தீர்கள், வேறு வழியில்லாமல். ஆனால் மைக்கில் சொன்னதை இன்றுவரை திருப்பி வாங்கவில்லை. பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்று, சனத்துக்கு முன்னால் சொல்லுங்கள்: ஏலாமல் போனது எங்களுக்கா, நீங்கள் போடச் சொன்ன களிசானுக்கா?