கை கழுவற வரைக்கும்

சோத்துல கை வெச்சவங்ககிட்டக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. எங்க பக்கத்து மரியாதை அது. பாதியில எந்திரிச்சா அன்னத்துக்கும் ஆகாது, கூட உக்காந்தவங்களுக்கும் ஆகாதும்பாங்க. நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன்.

பைக்காரா கரண்டு வந்து கோயமுத்தூர்ல மில்லுக பெருகிக்கிட்டிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம். அன்னூருக்குப் பக்கத்துல வூட்டுக்காரரோட சித்தி எங்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க. வெள்ளகோவில்ல கட்டிக்குடுத்த எங்கக்காளுக்கு அது நெறமாசம். அம்மா இல்லாததால புருசன் வூட்டுலயே பிரசவம். "வலி எடுத்தா ஆள் அனுப்பறேன், நீ வந்து கிட்ட இரு, எனக்குப் பயமா இருக்குது"ன்னா. ஆள் வந்தா அந்த நிமிசமே வாரேன்னு கையடிச்சுக் குடுத்திருந்தேன். அன்னூர்ல மத்தியானத்து பஸ்ஸை விட்டா அடுத்த நாள்தான் பஸ்ஸு. இதெல்லாம் எங்க வூட்டுக்காரருக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும்.

சித்தி சுத்தக்காரி. அதைச் சொல்லியே ஆகோணும். எலையில கரண்டி படாம பரிமாறுவாங்க. இருமல் வந்தா பாத்திரத்தைக் கீழ வெச்சுட்டு வெளிய போய் இருமிட்டு, கை கழுவிட்டுத்தான் திரும்பி வருவாங்க. பருப்பும் நெய்யும் முடிஞ்சு கொழம்பு ஊத்தறப்போ வூட்டுக்குப் பின்னால பொடக்காளியில யாரோ கூப்புட்டாங்க. சித்தி போனாங்க. திரும்பி வந்து வூட்டுக்காரர் காதுல குனிஞ்சு ஏதோ சொன்னாங்க.

"என்னங்க?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல, சாப்புடு"ன்னாரு. எலையில இருந்து தலைய நிமித்தலை.

அதுக்கப்புறம் ஒரே உபசாரம். வெல்லப் பூரணம் வெச்ச ஒப்புட்டு மேல ஒப்புட்டு, அது மேல நெய்யி. போதுமுங்கன்னு எலை மேல கைய மறிச்சேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு அம்மணி, மறுபடி எப்ப சாப்புடுவயோ"ன்னாங்க. புதுப்பொண்ணுக்கு ஏத்த பேச்சுன்னு நெனச்சுச் சிரிச்சேன். ருசியாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ரசத்தை நானே ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனேன். அதை நெனச்சா இன்னிக்கும் என்னை நானே அறைஞ்சுக்கலாம்னு வருது.

சாப்பிட்டு முடிச்சாலும் எந்திரிக்க முடியாது. கடைசி எலையில பல்லில்லாத பெரியவர் ஒருத்தர் ஒப்புட்டை ஊற வெச்சு ஊற வெச்சுத் தின்னுக்கிட்டிருந்தாரு. அவர் முடிக்காம பந்தி எந்திரிக்கக் கூடாது. அவர் மோர்ச்சோத்துக்கு எலைய நீட்டுனப்போ ரோட்டுல பஸ்ஸு ஹாரன் கேட்டுச்சு. எனக்கு அது வெறும் சத்தம். வூட்டுக்காரர் மட்டும் ஒருக்கா வாசப் பக்கம் பாத்தாரு.

சித்தியே செம்புல தண்ணி மோந்து என் கையில ஊத்துனாங்க. தொடைக்கத் துண்டு குடுத்தாங்க. அப்புறம்தான் சொன்னாங்க.

"வெள்ளகோவில்ல இருந்து ஆள் வந்திருக்குது கண்ணு. அக்காளுக்கு நேத்திருந்து வலியாம், புள்ளை திரும்பிக் கெடக்குதாம். உன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்கறாளாம்."

"எப்ப வந்தாருங்க?"

"கொழம்பு ஊத்தறப்பவே வந்துட்டான். நீ சோத்துல கை வெச்சிருந்தயே, எப்படிச் சொல்றது?"

கை காஞ்சதுக்கப்புறமும் துண்டுல தொடைச்சுக்கிட்டே நின்னேன். வந்த ஆளுக்கும் பொடக்காளியில எலை போட்டிருந்தாங்க. பாவம், அவனும் சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிட்டுத்தான் வந்தான்.

பஸ்ஸுல போயிருந்தா பொழுது எறங்கறதுக்குள்ள சேந்திருப்போம். வண்டியைக் கட்டிக்கிட்டுக் கெளம்புனோம். அவினாசி தாண்டுனப்போ, "நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமுங்க"ன்னேன்.

"சொன்னா நீ பாதியில எந்திரிச்சிருப்பே."

"ஆமாங்க, எந்திரிச்சிருப்பேன்."

அவர் கெட்டவர் இல்லை. நாப்பது வருசம் அவருக்குச் சோறு போட்டேன், அந்தச் சேதியை மறுக்கா ரெண்டு பேருமே எடுக்கலை.

மறுநாள் வெயில் ஏறுனப்புறம் வெள்ளகோவில் போய்ச் சேந்தோம். வாசல்ல கூட்டம். விடியக்காலையிலயே போயிட்டாளாம். புள்ளையும் தங்கலை. கடைசி வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டிருந்தாளாம், வந்துட்டாளா வந்துட்டாளான்னு.

அக்காளோட மாமியார் என் கையப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க. அழுது தொண்டை கட்டிப்போயிருந்துச்சு அவங்களுக்கு. அக்கா பக்கத்துல என்னைய உக்கார வெச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தாங்க.

"எத்தனை தூரம் வண்டியில வந்திருக்கறே. ஏதாச்சும் சாப்பிட்டயா கண்ணு?"ன்னாங்க.

"சாப்பிட்டேனுங்க"ன்னேன்.