நான்கு காலி இருக்கைகள்

மலைமேல் இருக்கும் அகதி முகாமுக்கு ஒரே சாலைதான். காலையில் அதில் மூன்று நிவாரண அமைப்புகளின் ஜீப்கள் ஊர்வலம் போல ஏறும். ஒவ்வொன்றிலும் டிரைவரும் இன்னொருவரும் இருப்பார்கள். மிச்ச இருக்கைகளில் காற்றுதான் சவாரி போகும். காய்ச்சலில் கிடக்கிற குழந்தைக்கு, மருந்து எந்த முத்திரை ஒட்டிய வண்டியில் வந்தது என்ற கவலையா? அந்தக் கவலையெல்லாம் அலுவலகங்களுக்குத்தான்.

இரண்டாவது ஜீப்பின் டிரைவர் பதினாறு வருடங்களாக வண்டியில் ஒரு கீறல்கூட விழவிடாதவர். அவர் மனைவி மூன்றாவது அமைப்பில் தடுப்பூசி போடும் நர்ஸ். ஒரே வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகளில் போவார்கள். "கோவிச்சுக்கிட்டுப் பிரிஞ்ச ஜோடிகூட இப்படிப் போகாது" என்று முகாமில் கேலி பேசுவார்கள். போன வருடம் மழையில் நனைந்து நின்றவளை ஒருமுறை ஏற்றிக்கொண்டார். மறுநாளே மெமோ வந்தது. வெளி அமைப்பின் ஆளையோ பொருளையோ ஏற்றினால் காப்பீடு செல்லாது. இன்னொரு முறை நடந்தால் வேலை இருக்காது. வண்டி எங்கே எத்தனை நிமிடம் நின்றது என்று காட்டிக்கொடுக்க ஒரு கருவியையும் பொருத்தினார்கள்.

ஒரு வியாழக்கிழமை, பாதி மலையில் அவளுடைய ஜீப் அச்சு முறிந்து கிடந்தது. அவள் தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு சாலையோரம் நின்றாள். அன்று அவர் தனியாகத்தான் வந்திருந்தார்.

"ஐஸ் மதியம் வரைக்கும்தான் தாங்கும். மேல நூத்திப்பத்து குழந்தைங்க காத்திருக்குதுங்க. நான் வேணா நடந்து வர்றேன், பெட்டியை மட்டும் கொண்டு போங்க."

அவர் வயர்லெஸில் மேலாளரிடம் கேட்டார்.

"அவங்க இயக்குநர் நம்ம இயக்குநருக்கு எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம். நீங்க ஏன் இன்னும் அங்கேயே நிக்கிறீங்க?"

வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், கல்லூரியில் மகள். வேலை போனால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். கதவுப் பிடிவரை போன கை திரும்பி வந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. அவள் முகத்தைப் பார்க்காமலே கியரைப் போட்டார்.

முகாமில் தாய்மார்கள் ஓடிவந்து ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்கள். "நர்ஸம்மா வரலையா?"

"வந்துகிட்டிருக்காங்க" என்றார். அந்தப் பொய்யை நம்பி மதியம்வரை வெயிலில் நின்றார்கள்.

மாலையில் வீட்டில் அவர் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. மருந்து முழுக்க வீணாகிவிட்டதைச் சொன்ன மனைவி, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?" என்று கேட்டாள்.

"ஏழு."

"அப்ப நான் எட்டு மணிக்குப் போறேன். இன்னொரு தடவை என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நீங்க போக வேண்டாம்."