ஏலக்காரர் டெல்பர்ட்டும் ஏழாவது இடமும்

ஒரு கிடாரி விலைபோய், அடுத்தது ஏல வளையத்துக்குள் நுழைவதற்குள் டெல்பர்ட் ஹார்ம்ஸ் தனக்கு ஓட்டுக் கேட்டு முடித்துவிடுவார். "வித்தாச்சு, கேட்டைத் தொறங்கப்பா. சனிக்கிழமை ஹைஸ்கூல் ஜிம்முல நம்ம கட்சி மாவட்ட மாநாடு, நான் நிக்கிறேன், மறந்துடாதீங்க. அடுத்து வெள்ளை மூஞ்சி, யாரு கேக்குறா?" எல்லாம் ஒரே மூச்சில், ஒலிபெருக்கியில். மாடு வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் எதிர்க்கட்சிக்காரர்கள். அவர்களுக்கு மாநாட்டில் ஓட்டே கிடையாது. அதைச் சொன்னால், "கேட்டு வைக்கிறதுல என்ன நஷ்டம்? நாளைக்கே மனசு மாறலாம்ல?" என்பார். எங்கள் அயோவாவில் யாருடைய மனசும் மாறி நான் பார்த்ததில்லை.

மனிதருக்கு ஒரே ஓர் ஆசை. நான்கு வருடத்துக்கொரு முறை ஏதாவதொரு பெருநகரத்தில் நடக்கும் கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போக வேண்டும். அங்கே போகிறவர்கள் சொந்தச் செலவில் விமானம் ஏறி, சொந்தச் செலவில் ஓட்டலில் தங்கி, தலையில் கோமாளித் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு, வசந்த காலத்திலேயே முடிவாகிவிட்ட ஜனாதிபதி வேட்பாளரைக் கோடை முடிகிற நேரத்தில் ஆரவாரமாகத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு கூரையிலிருந்து பலூன் கொட்டும். இந்தப் பாக்கியத்துக்காக வட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஒவ்வொரு படியாக ஜெயித்து ஏற வேண்டும்.

வட்டத்தில் டெல்பர்ட்டை அசைக்க ஆளில்லை. எங்கள் வட்டத்துக்கு மூன்று பிரதிநிதிகள். பனிக்காலத்து இரவில் கூட்டத்துக்கு வருகிறவர்களும் மூன்றே பேர்: டெல்பர்ட், அவர் மனைவி லவோன், நான். மூவரும் ஏகமனதாகத் தேர்வாகி, ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். மாவட்டத்தில்தான் அவருக்குச் சறுக்கும். எனக்கு நினைவு தெரிந்து அந்தப் படியைத் தாண்டி அவர் மாநில மாநாட்டுக்குப் போனதே இல்லை.

காரணம் அவர் பேச்சு. மாவட்டத்தில் போட்டியிடுகிற ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம் பேச அனுமதி உண்டு. மற்றவர்கள் பெயரைச் சொல்லி, பிள்ளை குட்டி விவரம் சொல்லி, ஜனநாயகம் என்று ஆரம்பிக்கும்போது மணி அடித்துவிடும். டெல்பர்ட் அந்த அரை நிமிடத்தில் விவசாயக் கொள்கை, வெளிநாட்டுக் கொள்கை, முதியோர் மருத்துவம் மூன்றையும் ஏல வேகத்தில் சொல்லி முடித்து, மிச்ச நேரத்தில் தண்ணீரும் குடிப்பார். ஒரு சொல்லும் யாருக்கும் விளங்காது. கைதட்டல் மட்டும் கூரையைப் பிளக்கும். ஓட்டு அடுத்தவருக்குப் போகும். "அவரு எதை விக்கிறாருன்னு தெரிஞ்சாத்தானே வாங்குவாங்க?" என்று லவோன் என்னிடம் ஒருமுறை அலுத்துக்கொண்டார்.

இன்னொரு விசேஷம், அவர் கைவைக்கிற ஜனாதிபதி வேட்பாளர் விளங்குவதில்லை. இந்த முறை அவர் பிடித்தது மேற்கே ஏதோ மலை மாநிலத்தின் முன்னாள் கவர்னரான ப்ரென்டிஸ் என்பவரை. சந்தைத் திடலில் ப்ரென்டிஸ் இவர் கையைக் குலுக்கி, மக்காச்சோளம் என்ன விலை என்று கேட்டாராம். "எல்லாரும்தான் கேக்குறான். கேட்டுட்டு அடுத்த கைக்குப் போயிடுவான். இந்த ஆளு நின்னு பதிலைக் கேட்டான்யா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். வட்டக் கூட்டங்கள் முடிந்த ஒரு வாரத்தில் ப்ரென்டிஸ் தொலைக்காட்சியில் தோன்றி, குடும்பத்தோடு கூடுதல் நேரம் செலவிடப்போவதாகச் சொல்லிப் போட்டியிலிருந்து விலகினார். அவர் குடும்பம் என்ன பாவம் செய்ததோ.

மாநாட்டு நாளில் ஜிம்முக்குள், அதாவது பள்ளியின் உள்விளையாட்டுக் கூடத்துக்குள், காப்பியும் பழைய வியர்வையும் கலந்து மணத்தன. சுவரில் வேட்பாளர்களின் பெயர்களைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அவரவர் ஆளின் பெயருக்குக் கீழே போய் நிற்க வேண்டும். பெரிய அணிகள் இரண்டு. ஒன்றுக்குத் தலைவர் பல் டாக்டர் கென்ட் மெய்ன்ட்ஸ். மற்றதற்கு லவோன். நான் டாக்டர் பக்கம் நின்றேன். கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குக் கடைவாய்ப் பல்லில் அவர் செய்த வேலை பாதியில் நின்றிருந்தது. ப்ரென்டிஸ் என்று எழுதிய காகிதத்தின் கீழே, மடக்கு நாற்காலி ஒன்றைப் போட்டு, தொடையில் காப்பியை வைத்துக்கொண்டு டெல்பர்ட் தனியாக உட்கார்ந்திருந்தார்.

மாநாட்டுத் தலைவி கார்லா எண்ணிப் பார்த்தார். இரண்டு அணியும் தலைக்குத் தலை சமம். மாநில மாநாட்டுக்கு எங்கள் மாவட்டம் அனுப்ப வேண்டியது ஏழு பேர். மூன்றும் மூன்றும் போக, ஏழாவது இடம் அந்தரத்தில் தொங்கியது. "டெல்பர்ட், உன் அணி செல்லாது. ஒத்த ஆளை அணின்னு விதி ஒத்துக்காது. அரை மணி நேரம் தர்றேன், ரெண்டுல ஒண்ணுக்குப் போ" என்று கார்லா அறிவித்தார். அவர் போகிற பக்கத்துக்கு ஏழாவது இடம். ஜிம்மில் இருந்த அத்தனை பேரும் முதன்முறையாக டெல்பர்ட்டைத் திரும்பிப் பார்த்தோம்.

டாக்டர் ஓடினார். அத்தனை வேகமாக அவர் எந்தப் பல்வலிக்கும் ஓடி நான் பார்த்ததில்லை. "டெல், எங்க பக்கம் வா. அந்த ஏழாவது இடம் உனக்குத்தான். மாநில மாநாட்டுக்கு நீதான் போற."

"ஆரம்ப விலை பரவால்ல" என்றார் டெல்பர்ட்.

லவோன் இடுப்பில் கைவைத்து வந்து நின்றார். "நாங்களும் அதே இடத்தைத் தர்றோம். தேசிய மாநாட்டுக்கு எங்க அணியே உன்னை முன்மொழியும். மாநிலத்துல இருக்கிற எங்க ஆளுங்ககிட்ட இப்பவே போன்ல பேசிட்டேன். சரின்னுட்டாங்க."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். டெல்பர்ட்டுக்கு ஆயுசு முழுக்க மைக்கில் கெஞ்சிக் கிடைக்காதது இப்போது காலடியில் வந்து கிடக்கிறது. எழுந்து பத்தடி நடந்தால் போதும்.

"அதையே நாங்களும் செய்வோம்" என்றார் டாக்டர். "கூடவே உன் கீழ்ப்பல்லுக்குக் காசில்லாம ஒரு கேப்..."

"ஏம்ப்பா, அது லஞ்சம், சட்டப்படி குத்தம்!" என்று நான் பின்னாலிருந்து டாக்டரின் சட்டையை இழுத்தேன். எனக்கு எதையும் இலவசமாகத் தருவதாக அவர் சொன்னதே இல்லை என்பது வேறு விஷயம்.

"ஒரு வாரம் தினமும் ஆப்பிள் பை சுட்டுத் தர்றேன்" என்றார் லவோன். "வரலைன்னா நீயே சமைச்சுத் தின்னு."

டெல்பர்ட் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நல்ல விலைதான். இதுக்கு மேல யாரும் தரமாட்டாங்க. ஆனா மாட்டுச் சொந்தக்காரன் தலையாட்டாம ஏலத்தை முடிக்க முடியாதே."

"யாருய்யா சொந்தக்காரன்?" என்றார் டாக்டர்.

டெல்பர்ட் தலைக்கு மேலிருந்த காகிதத்தைக் காட்டினார்.

"அவரு போட்டியிலேருந்து விலகி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு! டிவியில சொன்னாரே!"

"எங்கிட்ட சொல்லலயே."

ஜிம்மே சிரித்தது. நானும் சிரித்தேன். டெல்பர்ட் சிரிக்கவில்லை. லவோனும் சிரிக்கவில்லை. கணவர் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் சொன்னார், எனக்குக் கேட்டுவிட்டது: "டெல், இனி உனக்கு இப்படி ஒரு வாய்ப்பு வராது. நமக்கு வயசாகுது. அந்த ஆளுக்கு உன் பேருகூட ஞாபகம் இருக்காது."

"தெரியும்" என்றார் டெல்பர்ட். "ஆனா நான் அவரோட கைகுலுக்கிட்டேன்ல. எங்க தொழில்ல அதுதான் வாக்கு."

லவோன் அவர் தோளைத் தட்டிவிட்டுத் தன் அணிக்குப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஜெயிக்கிற பக்கம் எது என்று பார்த்துப் பார்த்து நின்றவன் நான். ஓடிப்போன ஒரு கவர்னருக்காகச் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. அது எதற்கென்று யோசிக்க வேண்டாம் என்று தின்பண்டம் இருந்த மேசைப் பக்கம் போனேன்.

அரை மணி முடிந்தது. டெல்பர்ட் எழவில்லை. கார்லா விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு மைக்கைத் தட்டினார். "சமம்னா காசு சுண்டணும். தலை விழுந்தா டாக்டர் அணி, கழுகு விழுந்தா லவோன் அணி. எந்த அணியிலயும் இல்லாத ஆள்தான் சுண்டலாம்னு போட்டிருக்கு." ஜிம்மைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். அப்படி இருந்தது ஒரே ஆள்தான். இரண்டு பெரிய தலைவர்களின் எதிர்காலத்தை இப்படித்தான் நாங்கள் நிர்ணயிக்கிறோம். வெளியூர்ப் பத்திரிகைகள் இதை மக்களின் தீர்ப்பு என்று எழுதும்.

டெல்பர்ட் காப்பியைத் தரையில் வைத்துவிட்டு நடுத்திடலுக்கு வந்தார். கார்லா கொடுத்த கால் டாலரை வாங்கி, கட்டைவிரலால் சுண்டினார். அது கூடைப்பந்து வளையத்தின் உயரத்துக்குப் போய்த் திரும்பியது. பிடித்து, இடது மணிக்கட்டில் அறைந்து, வலது கையால் மூடினார். டாக்டர் கழுத்தை நீட்டினார். லவோன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இரண்டு அணிகளும் கோட்டைத் தாண்டி நெருங்கி வந்தன.

"காட்டுய்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

டெல்பர்ட் காட்டவில்லை. ஒரே ஒரு விரலை மட்டும் தூக்கி, தான் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு மறுபடியும் மூடிக்கொண்டு, எங்களை ஒவ்வொருவராக நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தார். வளையத்தில் மாட்டை நிறுத்திவிட்டு, முதல் விலையை யார் கேட்பார்கள் என்று பார்ப்பாரே, அதே பார்வை.